பெரிய அரங்குக்குப் போயிருக்க வேண்டிய நாடகங்கள்

"சிறிய அரங்கில் ஓரிரு காட்சிகளோடு முடிந்துபோன தமிழ் நாடகங்களில், பெரிய வணிக அரங்குக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓட்டியிருக்க வேண்டியவை எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். "லண்டனிலும் நியூயார்க்கிலும் இது சாதாரணமாக நடக்கிறதே, இங்கே ஏன் நடப்பதில்லை?" என்ற வரியையும் கூடவே சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒரு பட்டியல்தான். ஆனால் நாடகம் நன்றாக இருந்தால் தானாகவே பெரிய மேடை ஏறிவிடும், ஏறவில்லை என்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்த இரண்டாவது வரிக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆகவே இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறேன். எந்த நாடகத்துக்குப் பெரிய அரங்கைத் தாங்கும் வலு இருந்தது என்பது ஒன்று. அதை ஏற்றிவிட இந்த ஊரில் படிக்கட்டு என்று ஏதாவது இருந்ததா என்பது மற்றொன்று. முதலாவதற்கான பதிலில் என் ரசனை கலந்திருக்கும், அதை நீங்கள் மறுக்கலாம். இரண்டாவதற்கான பதில் பெரும்பாலும் வரலாறு.

என் தகுதி எந்த அளவுக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர்க்காரன், மேடைக்கு விளக்கமைப்பது என் தொழில். சபா நாடகங்களில் கற்றுக்கொண்டு, பிறகு நவீன நாடகக் குழுக்களுக்கும் வேலை செய்தவன். விளக்குப் பலகை எப்போதும் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் என்பதால், நான் பார்த்த நாடகங்களில் பெரும்பாலானவற்றை அரங்கின் ஆகக் கடைசி இடத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மதுரை, தஞ்சாவூர், புதுச்சேரி நாடகங்களை அவை சென்னைக்கு வந்தபோது மட்டுமே பார்த்தவன் என்பதால் என் தேர்வில் சென்னைச் சாய்வு இருக்கும். எழுத்தாளரோ விமர்சகரோ பதில் எழுதினால் வேறு பெயர்கள் வரக்கூடும். கடைசி வரிசையில் உட்காருபவருக்கு எது போய்ச் சேரும், எது சேராது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம்.

முதலில் அந்தப் படிக்கட்டைப் பார்ப்போம். நியூயார்க்கில் 'ஹாமில்டன்' 2015 பிப்ரவரியில் பப்ளிக் தியேட்டரின் 299 இருக்கை அரங்கில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் 1,319 இருக்கைகள் கொண்ட பிராட்வே அரங்குக்குப் போனது. லண்டனில் 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' 2019இல் 80 பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஓர் அரங்கில் ஆரம்பித்து, இடையில் வேறு இரண்டு அரங்குகளில் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு, 2023இல் 432 இருக்கை ஃபார்ச்சூன் தியேட்டருக்கு வந்து, 2025இல் நியூயார்க்கும் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு கதைகளிலும் நாடகத்தின் தரத்துக்குச் சமமாக வேலை செய்தவை மூன்று: நாடகத்துக்கென்றே வாரம் முழுவதும் திறந்திருக்கும் அரங்கு, நட்டம் வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகப் பணம் போடும் தயாரிப்பாளர், நாளைக்கும் அதே இடத்தில் அதே நாடகம் இருக்கும் என்று நம்பி டிக்கெட் வாங்கும் பார்வையாளர். நமக்கும் ஒரு பிராட்வே உண்டு, பாரிமுனையில். பிரகாசம் சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் பேருந்து நடத்துநர்கள் அந்தப் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள். அங்கே இந்த மூன்றில் ஒன்றுகூட இப்போது கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தன என்பதுதான் சுவாரசியம். வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகக் கம்பெனிகள் முகாம் போட்டு, ஒரே நாடகத்தையோ வரிசையாகச் சில நாடகங்களையோ டிக்கெட் விற்று நாள்கணக்கில் நடத்தின. அது வணிக அரங்குதான். அதில் ஐயமே இல்லை. அங்கிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி விக்டோரியா பொதுக்கூடம். ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் வீதியில் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் அலுவலர்களையும் மேடையேற்றியது அந்தக் கூடத்தில்தான். அவருடைய 'மனோகரா' 1895இல் அமெச்சூர் நடிகர்களைக் கொண்டு அரங்கேறியது. பிறகு தொழில்முறைக் கம்பெனிகள் ஆசிரியரிடம் அனுமதி பெற்று அதைத் தங்கள் கொட்டகைகளுக்கு எடுத்துக்கொண்டன. சிறுவர்களையே நடிகர்களாக வைத்திருந்த பாய்ஸ் கம்பெனிகளின் நிலையான நாடகங்களில் ஒன்றாக அது ஊர் ஊராகப் போனது. 1954இல் சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமும் ஆனது. நீங்கள் கேட்கும் மாற்றத்துக்கு இதைவிடத் துலக்கமான தமிழ் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சங்கத்து உறுப்பினர்கள் பொழுதுபோக்காக ஆடிய நாடகம், ஒரு மைல் சுற்றளவுக்குள் இருந்த வணிக மேடைக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாடு முழுவதும் பரவியது. வட சென்னையில் அது நடந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு இரண்டு காரணங்களை உறுதியாகச் சொல்லலாம், மூன்றாவது ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முதல் காரணம் சினிமா. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் திரையிடப்பட்டதும் வட சென்னையில்தான், பின்னாளில் முருகன் தியேட்டர் ஆன கினிமா சென்ட்ரலில். அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். அதிலிருந்து மேடையில் வென்ற எதற்கும் அடுத்த படி திரைதான் என்று ஆகிவிட்டது. கே. பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மேஜர் சந்திரகாந்த்' ஆகிய மூன்றும் மேடையிலிருந்து 1964க்கும் 1966க்கும் இடையில் அடுத்தடுத்துத் திரைக்குப் போயின. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் மேடையேறி, 1981இல் பாலசந்தர் இயக்கத்தில் படமாகி, தேசிய விருதும் பெற்றது. அது சபா மேடையில் வந்த அரசியல் நாடகங்களில் ஆகச் சிறந்தது என்பது என் கருத்து. தண்ணீருக்காகத் தவிக்கும் அத்திப்பட்டி மக்களின் கதையை, குடம் வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்த தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்மில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கதையைச் சரிதாவின் முகமாகத்தான் அறிந்திருக்கிறோம். திரைப்படம் நாடகத்தை விழுங்கிவிட்டது என்று குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் மாதக்கணக்கில் ஓடியிருக்க வேண்டிய ஒன்று திரைக்குள் போன பிறகு, திரும்ப மேடைக்குக் கூட்டம் வருவது அரிது. எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' ஒரு விதிவிலக்கு. 1954இல் படம் வந்த பிறகும் மனிதரை நேரில் பார்க்க மேடைக்குக் கூட்டம் வந்தது. அது ராதா என்ற நடிகரின் பலம், பொது விதி அல்ல.

இரண்டாவது காரணம் சபா முறை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதன் கணக்கு புரிவதில்லை, ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். சபா உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். அதற்கு ஈடாக மாதம் சில நிகழ்ச்சிகளைத் தருவது சபாவின் பொறுப்பு. செயலாளர் ஒரு குழுவைக் கூப்பிட்டுப் பேசிய தொகையைக் கொடுத்து ஒரு மாலைக்கு நாடகம் போடச் சொல்கிறார். நாடகம் முடிந்ததும் காட்சித் தட்டிகளைக் கழற்றி வேனில் ஏற்றியாக வேண்டும், ஏனென்றால் மறுநாள் அதே மேடையில் கச்சேரியோ புத்தக வெளியீடோ இருக்கும். அரங்கு நிறைந்தாலும் குழுவுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கிடையாது, காலியாக இருந்தாலும் குறைவதில்லை. இந்த முறை நூற்றுக்கணக்கான குழுக்களுக்குச் சோறு போட்டது. கிரேஸி மோகனின் 'சாக்லேட் கிருஷ்ணா' 1000 காட்சிகளைத் தாண்டியதும் ஏறத்தாழ இந்த வட்டத்துக்குள்தான். ஆனால் அந்த ஆயிரமும் வெவ்வேறு மேடைகளில் வெவ்வேறு மாலைகளில் நடந்தவை. ஒரு நாடகம் ஓர் அரங்கில் நிலைகொண்டு, வாய்மொழியால் கூட்டம் பெருகி, மூன்றாவது வாரத்தில் நிறைவது என்ற நிகழ்வுக்கு இதில் இடமே இல்லை. சபாக்களில் கூட்டம் தெற்கே மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் திரண்டதையும், வடக்கே ஒவ்வொன்றாக மெலிந்ததையும் என் தொழிலில் கண்ணால் பார்த்தேன். உறுப்பினர்கள் வீடு மாறிப் போனதும், மாலை நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டதும் காரணம் என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய மூன்றாவது காரணம் சட்டம். 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. அது ராதாவைக் குறிவைத்தே வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பரீக்‌ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு வரை, கையெழுத்துப் பிரதியைக் காவல் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருப்பது சென்னை நாடகக்காரர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக இருந்தது. முப்பது பேர் உட்காரும் மொட்டை மாடியில் ஆடினால் யாரும் கேட்க மாட்டார்கள். சுவரொட்டி ஒட்டி டிக்கெட் விற்றால் கேட்பார்கள். இந்த வேறுபாடு பல குழுக்களைச் சிறிய இடத்திலேயே நிற்க வைத்தது என்பது என் ஊகம். பணமின்மைதான் பெரிய தடை என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதும் தவறில்லை.

இனி நாடகங்களுக்கு வருகிறேன். ஒன்றைப் பெரிய அரங்குக்கு ஏற்றதா என்று நான் எடைபோடுவது மூன்று விஷயங்களை வைத்து. குரல் முதலாவது. சபா மேடையின் முன்விளிம்பில் நிற்கும் மூன்று மைக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடிகர்கள் வசனம் வரும்போது முன்னால் வந்து வரிசையாக நின்று பேசிவிட்டுப் போவது அந்த மைக்குகளுக்காகத்தான். நவீன நாடகக்காரர்கள் அப்படி நிற்பதில்லை. முதுகைக் காட்டுவார்கள், தரையில் படுப்பார்கள், ஓடுவார்கள். 150 பேர் இருக்கும் அறையில் அது உயிரோட்டமாக இருக்கும். ஆயிரம் பேர் அரங்கில் பாதி வசனம் திரைச்சீலைக்குள் போய்விடும். மேலே தொங்கவிடும் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும். சட்டையில் குத்தும் மைக்கை வியர்வை நனைக்கும். பதினைந்து பேர் கூட்டமாகப் பாடும் நாடகத்தில் பதினைந்து மைக்குக்கு வாடகை கொடுக்க எந்தக் குழுவாலும் முடியாது. ஆகவே பெரிய அரங்குக்குப் போகும் நாடகத்தில் தனிக்குரலைவிடக் கூட்டுக்குரல் முன்னால் இருக்க வேண்டும், அல்லது பறையோ பாட்டோ வசனத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, உடம்பு. இருபத்தைந்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் கண்ணசைவு தெரியாது, தோள் தெரியும். உணர்ச்சி தோளுக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாவது, நாடகத்தைப் பற்றி எதுவும் படிக்காமல் டிக்கெட் வாங்கி வருபவருக்கு முதல் கால் மணி நேரத்தில் பிடி கிடைக்குமா என்பது. இந்த மூன்றும் தரத்துக்கான அளவுகோல் அல்ல. இவை மூன்றும் இல்லாத மகத்தான நாடகங்கள் இருக்கின்றன, அவற்றையும் சொல்வேன்.

என் முதல் தேர்வு இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை'. நம் வணிக மேடை அறிந்த ஔவை வேறு. டி.கே. சண்முகம் கூன் விழுந்த பாட்டியாக நடித்து, அந்த வேடத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, லாயிட்ஸ் சாலைக்கே அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் வரும் அளவுக்கு நிலைபெற்ற ஔவை அது, 1953இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் அந்தப் பாட்டியையே நிரந்தரமாக்கினார். இன்குலாப் அந்த நரைத்த தலையை அகற்றிவிட்டு, சங்கப் பாட்டின் ஔவையை முன்னால் நிறுத்தினார். கள் உண்பவள், பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராக நடப்பவள், அதியமானிடம் உரிமையோடு பேசுபவள், இளமையானவள். இது பண்டிதர்களுக்கான திருத்தம் என்று நீங்கள் நினைத்தால், புறநானூற்றின் 95ஆம் பாட்டை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போன ஔவை, 'உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து மாலை சூட்டி நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்ற பொருளில் சொல்கிறாள். புகழ்வது போல ஆளைக் கவிழ்க்கும் இந்தப் பேச்சு, வண்ணாரப்பேட்டைத் தெருமுனையில் நின்று கேட்டாலும் சட்டென்று புரியும் நக்கல். ஊரே அறிந்த பெயர், எல்லோரும் பள்ளியில் படித்த பாத்திரம், ஆனால் யாரும் பார்த்திராத உருவம்: வணிக மேடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் தேவையில்லை. பாணர் கூட்டம் பாடியாடிக் கதையை நகர்த்துவதால் குரல் சிக்கலும் குறைவு. சிறிய அரங்குகளில், பெரும்பாலும் ஏற்கெனவே உடன்பாடு உள்ளவர்கள் முன்னால் அது நடந்தது. சண்முகம் ஔவையைப் பார்த்து வளர்ந்த தாத்தாவும் அவருடைய பேத்தியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஆதங்கப்படுவது அதற்குத்தான்.

இரண்டாவது, சே. இராமானுஜத்தின் 'வெறியாட்டம்'. யூரிப்பிடீஸின் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தை எடுத்துக்கொண்டு, போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களின் புலம்பலை நம் ஒப்பாரியின் உடலுக்குள் வைத்தார். இதைப் பரிசோதனை நாடகம் என்ற பெட்டிக்குள் வைத்துவிடுவது வழக்கம். எனக்கு உடன்பாடில்லை. அழுகையை இசையாகக் கேட்கத் தெரிந்த மக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சாவு வீட்டு வாசலில் விடிய விடிய மரண கானா கேட்ட புளியந்தோப்புக்காரருக்கும் காசிமேட்டுக்காரருக்கும், ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடும்போது அதில் எந்த இடத்தில் சோகம் முடிந்து வசை தொடங்குகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்கள் கூட்டமாக ஒப்பாரி எடுக்கும்போது அது மைக் இல்லாமலே பெரிய அரங்கை நிறைக்கும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற பழைய கட்டடங்களில் அதன் எதிரொலி இன்னும் நன்றாகவே இருக்கும். ஆழ்வார்பேட்டையைவிட ராயபுரம் இந்த நாடகத்தை நன்றாக வாங்கியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இதை நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் யாரும் முயன்று பார்க்கவில்லை.

மூன்றாவது, 'மஞ்சள்'. பாஷா சிங்கின் நூலை அடிப்படையாகக் கொண்டு ஜெயராணி எழுத, கட்டியக்காரி குழுவின் ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கி, 2017இல் காமராஜர் அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் நடந்தது. கையால் மலம் அள்ளுவதையும், கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குவதையும் 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்த பிறகும் சாவுகள் நிற்காததுதான் அதன் பொருள். இந்த நாடகத்தைப் பொறுத்தவரை அரங்கின் அளவு பற்றி வாதமே வேண்டாம்; பெரிய அரங்கில், அந்த அரங்குக்காகவே உருவாக்கப்பட்டது. இல்லாமல் போனது தொடர்ச்சி. ஒரே இடத்தில் வார இறுதிதோறும் டிக்கெட் விற்று நடந்திருந்தால், இரண்டாவது மாதத்தில் அங்கே வந்திருக்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்: தெருவில் குழிமூடி திறந்து கிடப்பதைப் பார்த்துக் கடந்து போகும், நாடகம் பார்க்கும் வழக்கமே இல்லாத ஆட்கள். அடுத்த சில மாதங்களில், 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்தில் நடந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசை நிகழ்ச்சி கானாவைப் பெரிய மேடையில் நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்கு மேடை மேடையாக அழைப்பு வந்தது. இசைக் குழு ஒரு வேனில் ஏறிப் போய்விடும், நாடகத்தால் அப்படிப் போக முடிவதில்லை என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட பொருளுக்கு டிக்கெட் விற்கலாமா என்று சிலர் தயங்குவதுண்டு. நடிகர்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று நினைத்தால் விற்கத்தான் வேண்டும்.

மு. இராமசாமி 2003இல் தொடங்கி நடத்திய 'கலகக்காரர் தோழர் பெரியார்' பற்றியும் கேட்பீர்கள். அது பல ஊர்களுக்குப் போன நாடகம். இயக்கங்களின் மேடைகளில் பெரிய கூட்டத்தையும் பார்த்தது. வணிக அரங்கு அதற்குப் புதிதாக எதையும் கொடுத்திருக்காது, எதிர்த்தரப்பினர் சிலரையும் டிக்கெட் வாங்கி உட்கார வைத்திருக்கும் என்பதைத் தவிர. அது சிறிய ஆதாயம் இல்லைதான். பிரளயன் இயக்கிய 'பாரி படுகளம்' ஆள்பலம், பாட்டு, அசைவு எல்லாவற்றிலும் பெரிய மேடைக்கே பிறந்தது. அதைத் திறந்தவெளியில் பார்ப்பதா, கட்டடத்துக்குள் பார்ப்பதா என்றால் நான் திறந்தவெளியையே சொல்வேன்.

ஏற்றியிருக்கவே கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியது என்பது எப்போதும் உயர்வு அல்ல. ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' நாடகத்தை ஆயிரம் பேர் முன்னால் வைத்தால் அதன் விஷமம் கரைந்துவிடும். ஆட்கள் விளையாட்டாகப் பேசிக்கொண்டே தேர்தல் என்ற பெரிய விளையாட்டுக்குள் நழுவுவதை, பார்வையாளர் அருகிலிருந்து, தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்ற சங்கடத்தோடு பார்க்க வேண்டும். முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறை 1977இலிருந்து வளர்த்த நடிப்பு முறையில் பெரும்பகுதி அந்த அருகாமையை நம்பியது. பாமாவின் சிறுகதையிலிருந்து கட்டியக்காரி குழு உருவாக்கிய 'மொளகாப்பொடி'யும் அப்படித்தான். புல்லறுக்க வந்த பெண்களின் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவும் நிலக்காரியின் கதை, நடிகர் நம் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரிக்கும்போது தரும் எரிச்சல், உயரமான மேடையிலிருந்து வராது. அதை முந்நூறு பேருக்கு மேல் போகாத இடங்களில், ஆனால் நூறு இடங்களில் ஆட வேண்டும். சென்னைக் கலைக் குழு 1984இலிருந்து போட்ட வீதி நாடகங்களுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. அவை மக்கள் வந்து சேருவதற்காகக் காத்திருக்கவில்லை, ஆலை வாசலுக்கே போய் நின்றன.

இந்தியாவில் எங்குமே இது நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்கத்தாவில் உத்பல் தத்தின் குழு மினர்வா அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, 1959 முடிவில் 'அங்கார்' நாடகத்தைத் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் காட்சியை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விளக்குகளைக் கொண்டே தபஸ் சென் செய்து காட்டினார். என் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடுதான் உச்சரிப்போம். இடதுசாரி நாடகம், வடக்குக் கல்கத்தாவின் பழைய வணிக அரங்கு, டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள் என்ற மூன்றும் ஒன்று சேர முடியும் என்பதற்கு அது சான்று. மும்பை தாதரில் சபில்தாஸ் பள்ளிக் கூடத்தில் மராத்திப் பரிசோதனை நாடகங்கள் எழுபதுகளில் வளர்ந்தபோது, நடிகர்கள் அங்கும் அருகிலிருந்த வணிக அரங்குகளிலும் மாறி மாறி வேலை செய்தார்கள். இந்த இரண்டு ஊர்களிலும் குழுவின் கையிலோ எட்டும் தூரத்திலோ ஓர் அரங்கு இருந்தது. அரங்கு கையில் இல்லாதவரை எவ்வளவு நல்ல நாடகமும் விருந்தாளியாகத்தான் வந்து போகும்.

நாளைக்கே யாராவது பணம் போட முன்வந்து, எதை எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், 'ஔவை'யைப் புதிய நடிகர்களோடு பாரிமுனைப் பக்கத்து ராஜா அண்ணாமலை மன்றத்தில் தொடங்கச் சொல்வேன். வெள்ளி, சனி, ஞாயிறு என நான்கு வார இறுதிகளுக்காவது அரங்கைத் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டும். இடையில் தட்டியைக் கழற்றி ஏற்றினால் பழைய கதைதான். முதல் இரண்டு வாரம் நட்டம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கமோ வியாசர்பாடிப் பக்கமோ வைக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனசு எனக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பதரை மணிக்கு நாடகம் முடிந்தால் குடும்பத்தோடு வந்தவர் வீடு போய்ச் சேர வழி வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, பாரிமுனையில் உயர் நீதிமன்ற நிலையத்தில் ஏறினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் வண்டி மாறாமல் வீட்டுக்குப் போய்விடலாம். டிக்கெட் விலையை இருநூறு ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள் என்பதையும் அந்தப் பணம் போடுபவரிடம் சொல்வேன். அவர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.